ஏற்காடு விடுதிக்கு ஏர் என்ட்ரெயின்டு கான்கிரீட் தேவையா? சேலம் ஃப்ரீசர் அறைத் தளத்துக்கு?

சேர்வராயன்_சைட் கேட்டது:

வணக்கம். ஏற்காட்டில் மூன்று மாடி விடுதி ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அஸ்திவாரமும் தாங்கு சுவரும் முடிந்துவிட்டன. இனி வெளியே தெரியும் தூண்கள், பால்கனி, திறந்த படிக்கட்டு, மொட்டைமாடி. வெளிமாநில ஆலோசகர் கொடுத்த ஸ்பெக்கில் வெளிப்புற கான்கிரீட் முழுவதற்கும் இப்படி எழுதியிருக்கிறது: அமெரிக்க கான்கிரீட் விதியான ஏசிஐ 318-இன் எஃப்2 உறைவு வகுப்பு, தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45, காற்று (உறையும் நீர் ஒதுங்க இடம் தரும்படி கான்கிரீட்டுக்குள் வேண்டுமென்றே உண்டாக்கும் நுண்குமிழ்) 6 சதவீதம், அதில் கூடக்குறைய 1.5, அதோடு 300 சுழற்சி உறைவு-உருகல் சோதனை அறிக்கை. காரணமாக "மலைவாசஸ்தலம், குளிர்ப் பிரதேசம்" என்று ஒரே வரி.

நான் கேட்ட ஆர்எம்சி (ரெடிமிக்ஸ்) பிளான்ட்களில் அந்தக் குமிழை உண்டாக்கும் ஏர் என்ட்ரெயினிங் அட்மிக்சர் இருப்பில் இல்லை. வரவழைத்துத் தருகிறோம், ஆனால் கியூப் ஸ்ட்ரெங்த் குறைந்தால் எங்களைக் கேட்கக்கூடாது என்கிறார்கள்.

இதே உரிமையாளருக்கு சேலத்தில் அடிவாரத்துப் பக்கம் உறைந்த உணவு வைக்கும் அறை ஒன்றும் கட்டுகிறோம். 12 மீட்டருக்கு 18 மீட்டர், மைனஸ் 20 டிகிரி, இரண்டு கதவு. அதன் தளத்துக்கு ஸ்பெக்கில் இருப்பது "எம்25, பவர் ட்ராவல் ஃபினிஷ்" (28 நாள் கியூப் வலு 25 எம்பிஏ, மேற்பரப்பை இயந்திர பிளேடால் தேய்த்து மழமழப்பாக்குவது) மட்டும்தான். உறைவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இரண்டையும் எப்படித் திருத்தி எழுதச் சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டமைப்பு_சேலம்:

ரெண்டு ஸ்பெக்கும் இடம் மாறிக் கிடக்குதுங்க. உறைவுக்கான கான்கிரீட் மலைமேல் தேவையில்லை, கீழே சேலத்தில்தான் தேவை. அதுவும் அறை முழுக்க இல்லை, கதவருகே மட்டும். ஃப்ரீசர் பற்றி அந்த வேலை செய்பவர்கள் சொல்லட்டும், நான் ஏற்காட்டைப் பேசுகிறேன்.

உறைவால் கான்கிரீட் கெட இரண்டு நிபந்தனையும் சேர்ந்து நடக்க வேண்டும். ஒன்று, துளைகளில் உள்ள நீர் உண்மையிலேயே பனிக்கட்டியாக வேண்டும். இரண்டு, அந்த நேரத்தில் துளைகள் ஏறத்தாழ நிரம்பியிருக்க வேண்டும். நீர் பனிக்கட்டியாகும்போது 9 சதவீதம் பருக்கிறது. துளையில் 91 சதவீதத்துக்குக் கீழே நீர் இருந்தால் பருக்க இடம் கிடைத்துவிடும். அதனால் வெப்பநிலை எவ்வளவு கீழே போகிறது என்பதைவிட, நனைந்த நிலையில் எத்தனை முறை பூஜ்யத்தைத் தாண்டிப் போய்த் திரும்புகிறது என்பதுதான் கணக்கு. லடாக்கின் லே போன்ற வறண்ட கடுங்குளிரில் நிற்கும் சுவரைவிட, மிதமான குளிரும் ஓயாத மழையும் உள்ள ஊரில் படுக்கையாகக் கிடக்கும் படிக்கட்டு சீக்கிரம் தோலுரியும்.

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். மார்கழி, தை இரவுகளில் 12, 13 டிகிரி, நல்ல குளிர் இரவில் இன்னும் கொஞ்சம் கீழே. கான்கிரீட்டுக்குள் இருக்கும் நீர் உறைய பூஜ்யத்துக்கும் கீழே போக வேண்டும், நுண்ணிய துளைகளில் இன்னும் கீழே. அது அங்கே நடப்பதில்லை. ஏசிஐ கணக்கில் அது எஃப்0, அதாவது உறைவே இல்லாத வகுப்பு. காற்றுக்கும் 300 சுழற்சிச் சோதனைக்கும் வேலை இல்லை.

ஆனால் அந்த 0.45-ஐ மட்டும் அடித்துவிடாதீர்கள். இந்திய கான்கிரீட் விதியான ஐஎஸ் 456:2000-இன் அட்டவணை 3-இல் "சிவியர்" என்ற வரியில் கடும் மழை, மாறி மாறி நனைந்து காய்தல், நனைந்த நிலையில் எப்போதாவது உறைதல் எல்லாமே ஒன்றாக இருக்கின்றன. ஏற்காட்டில் மழையும் மூடுபனியும் மாறி மாறி நனைத்துக் காயவைப்பதால் உங்கள் பால்கனியும் படிக்கட்டும் அந்த வரிக்குள் வந்துவிடுகின்றன. ஆக எம்30, விகிதம் 0.45, கன மீட்டருக்குச் சிமென்ட் குறைந்தது 320 கிலோ, கம்பிக்கு மேல் கவர் 45 மி.மீ. இவை நிற்கட்டும். எம்35 போட்டால் கவரில் 5 மி.மீ. குறைக்க அனுமதி உண்டு. காற்றைப் பற்றிச் சொல்வது வேறு பிரிவு, 8.2.2.3. நனைந்த நிலையில் உறைவும் உருகலும் இருக்கும் இடத்துக்கு மட்டும் அது பேசுகிறது: எம்50-க்குக் கீழான கலவையில் 20 மி.மீ. ஜல்லிக்கு 5 சதவீதம், 40 மி.மீ.க்கு 4, இரண்டுக்கும் கூடக்குறைய 1. அதை ஏற்காட்டுக்கு இழுத்து வர வேண்டாம்.

குளிர் அங்கே உண்மையில் கை வைக்கும் இடம் வேறு. ஐஎஸ் 456-இல் பலகை பிரிக்கும் நாட்கள் எல்லாம் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத நிலைக்கு எழுதப்பட்டவை. 4.5 மீட்டர் வரை ஸ்லாபுக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14. பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், மேலே 21. டிசம்பர், ஜனவரியில் ஏற்காட்டு இரவு 15-க்குக் கீழே போகும். பிபிசி (ஃபிளை ஆஷ் கலந்த) சிமென்ட் வேறு என்றால் ஆரம்ப வலு இன்னும் மெதுவாக ஏறும். மேஸ்திரி சேலத்துப் பழக்கத்தில் ஏழாம் நாள் முட்டைத் தட்டிவிட்டால் பால்கனி நுனி தொங்கும், மேற்புறக் கம்பியோரம் விரிசல் விழும். ஆய்வகத் தொட்டியில் 27 டிகிரியில் கிடந்த கியூப் வலுவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சைட்டிலேயே ஸ்லாப் பக்கத்தில் கிடந்து ஸ்லாபோடு குளிர்ந்த கியூபை உடைத்துப் பார்த்து முட்டு எடுங்கள். ஸ்பெக்கில் உறைவுச் சோதனை இருந்த இடத்தில் இந்த வரியை எழுதச் சொல்லுங்கள்.

மற்றபடி பால்கனி, சன்ஷேடு அடியில் 12 மி.மீ. சொட்டுக்காடி, மொட்டைமாடியில் 1-க்கு 80 சரிவு, பிபிசி என்றால் 10 நாள் முழு க்யூரிங். மூடுபனி இருக்கிறதே என்று ஈரச் சாக்கு போடாமல் விடுவது அங்கே அடிக்கடி பார்க்கும் தப்பு. பகலில் மலைக்காற்று மேற்பரப்பை வேகமாக உலர்த்திவிடும்.

நீலகிரி_வேலை:

மேலே சொன்னது சரி. ஊட்டியில் வேலை எடுத்தால் இதே ஸ்பெக்கை ஏற்காட்டிலிருந்து நகலெடுத்துப் போட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சேர்க்கிறேன். ஊட்டி 2200 மீட்டருக்கு மேல். டிசம்பர், ஜனவரியில் பள்ளத்தாக்குப் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படியும். ஆனால் புல்லில் உறைபனி தெரிவதாலேயே கான்கிரீட் உறைந்தது என்று ஆகாது. தெளிந்த இரவில் புல்நுனி வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் கீழே இறங்கும். தரையோடு ஒட்டிய 150 மி.மீ. ஸ்லாப் பகல் வெப்பத்தை வைத்திருக்கும், உறைந்தாலும் மேல்தோல்தான்.

அங்கே நான் காற்றுக்குமிழ் கேட்பது பட்டியல் போட்டு எண்ணக்கூடிய சில இடங்களுக்குத்தான்: பள்ளத்தில் உள்ள திறந்த படிகள், கால்வாய் விளிம்பு, தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டத்தை ஒட்டிய பட்டை, நீர் தேங்கும் நடைதளம். செங்குத்துச் சுவருக்கும் தூணுக்கும் எம்30, 0.45 போதும், தண்ணீர் அதில் நிற்காது. எந்த உறுப்பில் நீர் நிற்கும், எது இரவில் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் என்று வரைபடத்தில் பென்சிலால் குறித்த பிறகு ஸ்பெக் எழுதுங்கள்.

குளிரறை_தளம்:

ஃப்ரீசர் பக்கம் வருகிறேன். சேலத்தில் பூஜ்யத்தைத் தாண்டிப் போய்த் திரும்பும் கான்கிரீட் என்றால் அது ஃப்ரீசர் கதவு வாசல்தான்.

முதலில் உள்தளம். மைனஸ் 20-இல் காற்றில் ஈரம் மிகக் குறைவு, தளம் காய்ந்தே இருக்கும். ஒருமுறை குளிர்ந்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், சுழற்சியே இல்லை. ஆகவே உள்தளத்துக்குக் காற்றுக்குமிழ் வேண்டாம். அதைவிட முக்கியம், வேண்டாம் என்று ஸ்பெக்கில் எழுதியே ஆக வேண்டும். பவர் ட்ராவல் போடும் தளத்தில் மொத்தக் காற்று 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பிளேடு மேல்தோலை அடைத்துவிடும், கீழிருந்து ஏறும் காற்றும் நீரும் வெளியேற வழியின்றி தோலுக்கு அடியில் தேங்கும். சில மில்லிமீட்டர் தடிமனில் அப்பளம்போல் மேல்தோல் தனியாக எழும்பும். சுத்தியலால் தட்டினால் டொக்டொக்கென்று வெற்று ஓசை வரும். பேலட் ட்ரக் ஓடிய சில வாரத்தில் பெயர்ந்துவிடும். உள்தளத்துக்கு எம்30, விகிதம் 0.45, 150 மி.மீ. தடிமன் போதும். எம்25-ஐ மாற்றுங்கள்.

வாசல் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகையில் சேலத்துக் காற்று ஈரம் சுமந்திருக்கும். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காற்று உள்ளே பாய்ந்து தளத்தில் நீராகப் படிந்து பனிக்கட்டியாகும். கதவு திறந்தே கிடந்தால் உருகும், மூடினால் மறுபடி உறையும். ட்ரக் சக்கரம் வெளியிலிருந்து தண்ணீரைக் கொண்டுவரும். ஒரு நாளிலேயே பல சுழற்சி, அத்தனையும் நனைந்த நிலையில். மலையில் ஒரு குளிர்காலம் முழுக்க நடக்காதது இங்கே ஒரு வாரத்தில் நடந்துவிடும். எனவே ஒவ்வொரு கதவுக்கும் உள்ளே 2 மீட்டர், வெளியே 2 மீட்டர், அகலத்தில் கதவைவிட இருபுறமும் அரை மீட்டர் கூடுதலாக ஒரு தனிப் பட்டையைப் பிரியுங்கள். அதற்கு மட்டும் காற்று 5 சதவீதம், கூடக்குறைய 1, விகிதம் 0.40, பவர் ட்ராவல் தடை. கதவு 3 மீட்டர் என்றால் ஒரு பட்டை 16 சதுர மீட்டர், 150 மி.மீ. தடிமனுக்கு 2.4 கன மீட்டர். இரண்டு கதவுக்கும் சேர்த்து 5 கன மீட்டருக்குள் முடிந்துவிடும். எவாபரேட்டர் டீஃப்ராஸ்ட் நீர் (குளிரூட்டிச் சுருளில் படிந்த பனி உருகிய நீர்) வெளியேறும் இடத்தைச் சுற்றியும் இதே கலவை. அந்த வடிகுழாய்க்கு ஹீட்டர் கேபிள் சுற்ற மறக்காதீர்கள்.

விகிதத்தை 0.45-க்குக் கீழே கொண்டுபோகச் சொல்வதற்குக் காரணம் உப்பு. வாசலில் பனிக்கட்டி படிந்தால் வேலையாட்கள் கல்லுப்பைத் தூவுவார்கள். உப்பு நீர் மேல்தோலை இன்னும் அதிக நிரம்பல் நிலையில் வைத்திருக்கும், செதில் செதிலாக உரியும், கம்பிக்கும் குளோரைடு போகும். ஏசிஐ வகுப்பில் அது எஃப்3, 0.40. உப்பு போடக்கூடாது என்று பலகை மாட்டுங்கள், ஆனால் போடுவார்கள் என்று வைத்துக் கலவையை எழுதுங்கள். பனிக்கட்டி படியாமலிருக்க வாசலடியில் ஹீட்டர் கேபிள், கதவில் பிளாஸ்டிக் பட்டைத் திரை, முடிந்தால் 2 முதல் 5 டிகிரியில் ஒரு முன்னறை. முன்னறை இருந்தால் வாசலுக்கு வரும் ஈரமே குறைந்துவிடும்.

அடுத்தது, உங்கள் ஸ்பெக்கில் அடியோடு இல்லாதது: தளத்துக்குக் கீழே உள்ள மண். தளத்தடிக் காப்பு (வெப்பத்தைத் தடுக்கும் அடுக்கு) வழியாகவும் மண்ணின் வெப்பம் மேலேறிக்கொண்டே இருக்கும், மண் மெல்ல மெல்லக் குளிரும். சிறிய அறைக்குப் பக்கவாட்டு மண்ணிலிருந்து வெப்பம் வந்து ஈடுகட்டும். 12 மீட்டர் அகலத்தில் நடுப்பகுதி பூஜ்யத்தை நெருங்கும். வண்டல் கலந்த மண்ணும் ஈரமும் இருந்தால் பனி அடுக்குகள் உருவாகி, கீழிருந்து நீரை இழுத்துப் பருத்துத் தளத்தையே தூக்கும். பிறகு அறையை நிறுத்தி உருக்குவதைத் தவிர வழியில்லை. நம்ம ஊர் வெப்பத்துக்கு எளிய தீர்வு உண்டு: பிசிசி-க்கு (கம்பியில்லா அடித்தளக் கான்கிரீட்) அடியில் 110 மி.மீ. பிவிசி குழாய்களை ஒரு மீட்டர் இடைவெளியில், குறுக்கு வாட்டில் 12 மீட்டருக்குப் போட்டு, இரு முனையும் வெளிக்காற்றுக்குத் திறந்து விடுங்கள். உள்ளே வியர்க்கும், ஆகவே ஒரு பக்கம் சரிவு கட்டாயம். முனையில் எலி வலை.

கீழிருந்து வரிசை: இறுகிய கிராவல், குழாய்கள், 100 மி.மீ. பிசிசி, நீராவித் தடுப்பு, 150 மி.மீ. எக்ஸ்பிஎஸ் காப்புப் பலகை இரண்டு அடுக்காக இணைப்பு மாறி, பாலிதீன் தாள், கம்பியிட்ட தளம். நீராவித் தடுப்பு காப்புக்குக் கீழே, வெப்பப் பக்கத்தில் வர வேண்டும். காப்புக்கு மேலே மட்டும் போட்டால் காப்பு ஈரம் குடித்துப் பனிக்கட்டியாகிவிடும், காப்பே இல்லாத மாதிரி. கம்பி கட்டும்போது கம்பியைத் தாங்கும் சேரின் காலால் மேலே உள்ள பாலிதீன் தாளைக் குத்திவிடுவார்கள், தட்டைக் கவர் பிளாக் வையுங்கள்.

கலவை_நிலையம்:

அந்த 5 கன மீட்டரை சேலத்தில் தயாரிப்பது முடியாத காரியமில்லை. ஆனால் ட்ரையல் இல்லாமல் நேரடியாக லோடு ஏற்றச் சொல்லாதீர்கள்.

காற்று ஒரு சதவீதம் கூடினால் வலு சுமார் 5 சதவீதம் குறையும். சாதாரணக் கலவையில் 20 மி.மீ. ஜல்லிக்குத் தானாகவே 1 சதவீதம் காற்று இருக்கும். நீங்கள் 5 கேட்டால் கூடுதல் 4, ஏறத்தாழ 20 சதவீத வலு போகும். எம்30-க்கு இலக்குச் சராசரி வலு 38.25 எம்பிஏ. அதை 0.8-ஆல் வகுத்தால் 48. அதாவது காற்று இல்லாமல் 48 தரும் கலவையாக வடிவமைத்தால்தான் காற்றோடு எம்30 நிற்கும். பிளான்ட்காரர்கள் பயப்படுவது இதற்குத்தான், நியாயமான பயம். தொடக்கத்துக்கு ஒரு கன மீட்டருக்கு ஓபிசி (கலப்பில்லாத சாதாரண சிமென்ட்) 53 கிரேடு 400 கிலோ, தண்ணீர் 156, ஜல்லி 20-ம் 12-ம் சேர்த்து 1130, எம்-சாண்ட் 670, பிசிஇ (தண்ணீர் கூட்டாமல் குழைவு தரும் அட்மிக்சர்) தேவையான அளவு. குமிழே கொஞ்சம் குழைவு கொடுக்கும், எம்-சாண்டைக் குறைக்கலாம். நம்ம ஜல்லி கெட்டியான பாறை, நீர் உறிஞ்சுவது குறைவு. ஜல்லியே உறைந்து வெடிக்கும் பிரச்சினை துளையுள்ள படிவுப் பாறையில் வருவது, இங்கே அதை விடுங்கள்.

இந்த லோடுக்கு ஃபிளை ஆஷ் வேண்டாம் என்பது என் கருத்து. எந்த அனல் மின் நிலையத்து ஆஷாக இருந்தாலும் எரியாத கார்பன் ஏர் அட்மிக்சரை உறிஞ்சிவிடும். ஃபிளை ஆஷ் விதியான ஐஎஸ் 3812 எரிப்பிழப்பை (எரியாத கார்பனைக் காட்டும் அளவு) 5 சதவீதம் வரை விடுகிறது. அதற்குள்ளேயே 1-இலிருந்து 4-க்கு மாறினாலும் உங்கள் டோஸ் இன்று சரி, நாளை பாதி. எம்-சாண்டில் தூள் கூடினாலும் இதே கதை. அதனால் கழுவிய எம்-சாண்ட் கேளுங்கள்.

ட்ரையலில் முதலில் ஏர் அட்மிக்சரே இல்லாமல் பிசிஇ மட்டும் போட்டுக் காற்றை அளங்கள். 2.5-க்கு மேல் காட்டினால் பிசிஇ தானே பெரிய குமிழ்களை இழுக்கிறது என்று பொருள். அது கணக்கில் காற்று, பாதுகாப்பில் பூஜ்யம். வேண்டியது கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ், சிமென்ட் பசையின் எந்த இடத்திலிருந்தும் அடுத்த குமிழ் 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். உறையும் நீர் பக்கத்துக் குமிழுக்குள் ஒதுங்க அவ்வளவு தூரம்தான் போக முடியும். ஆகவே பிசிஇ-யும் ஏர் அட்மிக்சரும் ஒரே நிறுவனத்தின் பொருந்தும் ஜோடியாக வாங்குங்கள். ஏர் அட்மிக்சர் மணலோடு அல்லது முதல் தண்ணீரோடு போகட்டும், பிசிஇ கடைசித் தண்ணீரோடு. இரண்டையும் ஒரே குழாயில் விடாதீர்கள்.

பிளான்டில் 6 சதவீதம் வைத்தால் சைட்டில் 5 கிடைக்கும். வெயில் ஏறினால் இன்னும் குறையும், அதனால் காலை 7 மணி லோடு. பம்ப் வேண்டாம், லாரியின் சூட் (சரிவுத் தகடு) வழியாக நேரே இறக்குங்கள், பம்ப் அழுத்தத்தில் நுண்குமிழ் போய்விடும். அளப்பது டைப் பி ஏர் மீட்டரில்: மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 குத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் ரப்பர் சுத்தியலால் பக்கத்தில் பத்துப் பதினைந்து தட்டு, மட்டம் வழித்து விளிம்பைச் சுத்தமாகத் துடைத்து மூடி பூட்டுங்கள். ஒரு வால்வில் தண்ணீர் விட்டு மறு வால்வில் குமிழில்லாமல் வரும்வரை பொறுத்து, பம்ப் அடித்து முள்ளைத் தொடக்கக் கோட்டுக்குக் கொண்டுவந்து, வால்வுகளை மூடி லீவரை அழுத்திப் படியுங்கள். விளிம்பில் ஒரு மணல் துணுக்கு இருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். 4-க்குக் கீழே காட்டினால் கொஞ்சம் ஏர் அட்மிக்சரை நீரில் கரைத்து ஊற்றி டிரம்மை வேகத்தில் 30 சுற்று சுற்றி மறுபடி அளங்கள். அந்த நீர் பேட்ச் கணக்கில் வர வேண்டும். தண்ணீர் மட்டும் ஊற்றிச் சரிசெய்ய விடாதீர்கள்.

மீட்டர் கிடைக்காத நாளில் கியூப் எடை ஓரளவு காட்டிக்கொடுக்கும். இந்தக் கலவையில் 150 மி.மீ. கியூப் 7.95 கிலோ அருகே வரும். 8.3 காட்டினால் காற்று வெளியேறிவிட்டது.

சேர்வராயன்_சைட்:

ரொம்ப நன்றிங்க. ஆலோசகரிடம் பேசிவிட்டேன். ஏற்காட்டில் காற்றை எடுக்கச் சம்மதம், ஆனால் "கூடுதல் பாதுகாப்புக்கு 3 சதவீதமாவது இருக்கட்டுமே" என்கிறார். இன்னொன்று, வாசல் பட்டையை எப்படி ஃபினிஷ் செய்வது, அறையை எப்போது குளிர்விக்கலாம்?

கட்டமைப்பு_சேலம்:

உறைவே இல்லாத இடத்தில் 3 சதவீதம் எதையும் காப்பாற்றாது. 10 சதவீத வலுவை எடுத்துக்கொண்டு போகும், அதை ஈடுகட்டச் சிமென்ட் ஏறும், மலையேறும் ஒவ்வொரு லோடிலும் ஒரு புதிய மாறி சேரும். 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி வரும் கான்கிரீட்டில் ஸ்லம்பை, அதாவது குழைவைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. ரெடிமிக்ஸ் விதியான ஐஎஸ் 4926-இன் இரண்டு மணி நேர வரம்பும் இருக்கிறது. அந்தப் பணத்தைக் கவர் பிளாக்குக்கும் கூடுதல் நாள் முட்டு வாடகைக்கும் போடச் சொல்லுங்கள்.

குளிரறை_தளம்:

வாசல் பட்டை: 40 மி.மீ. ஊசி வைப்ரேட்டர், ஓர் இடத்தில் 5 முதல் 10 விநாடி, அதற்கு மேல் வைத்தால் மேல்தோலின் குமிழ் வெளியேறிவிடும். குமிழ் அதிகம் தேவைப்படுவதே அந்த மேல்தோலுக்குத்தான். மரக்கட்டை இந்தக் கான்கிரீட்டின் மேற்பரப்பை இழுத்துக் கிழிக்கும், மெக்னீசியம் ஃப்ளோட் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு துடைப்பக் கோடு. கான்கிரீட்டிலிருந்து மேலேறும் நீர்க் கசிவு குறைவாக இருக்கும் என்பதால் சீக்கிரம் காய்ந்தது போலத் தெரியும். தண்ணீர் தெளித்து வழிக்க விடாதீர்கள், உடனே ஈரச் சாக்கும் பாலிதீனும். வெளிப்பக்கப் பட்டைக்கு வெளிநோக்கிச் சரிவு. உள்தளத்துக்கும் பட்டைக்கும் நடுவில் முழு இணைப்பு விட்டு வெவ்வேறு நாளில் ஊற்றுங்கள். இல்லையென்றால் ட்ராவல் ஆள் பட்டை மேலும் ஓட்டிவிடுவார்.

குளிர்விப்பது 28 நாளுக்குப் பிறகு. நனைந்து உறையும் சுழற்சிக்குள் போகுமுன் பட்டையில் சிலிண்டர் கணக்கில் 24.5 எம்பிஏ, கியூப் என்றால் சுமார் 30, கட்டாயம் இருக்க வேண்டும், கியூபில் உறுதி செய்யுங்கள். முதலில் 2 டிகிரிக்கு இறக்கி மூன்று நான்கு நாள் நிறுத்துங்கள், தளத்து ஈரம் எவாபரேட்டரில் வந்து சேரும். பிறகு நாளுக்கு 5 டிகிரி வீதம் மைனஸ் 20 வரை. 30-இலிருந்து மைனஸ் 20-க்குப் போனால் 50 டிகிரி வித்தியாசம், இணைப்புகளுக்கு நடுவே உள்ள 6 மீட்டர் பேனல் 3 மி.மீ. சுருங்கும். இணைப்பை அதற்கு முன்பே நிரப்பினால் ஃபில்லர் ஒரு பக்கம் பிரிந்து நிற்கும், ட்ரக் சக்கரம் விளிம்பை உடைக்கும். மைனஸ் 20-இல் ஒரு வாரம் நின்ற பிறகு, அந்தக் குளிரிலேயே இறுகும் வகை ஃபில்லரை வாங்கி, காடியில் படிந்த பனியைச் சுரண்டி எடுத்துவிட்டு நிரப்புங்கள்.